காஜா காம்ப்ளக்ஸின் சிமெண்ட் ஜாலி

தூத்துக்குடியில் பீச் ரோட்டுக்கு இரண்டு தெரு உள்ளே நிற்கும் காஜா காம்ப்ளக்ஸில் மந்திரமூர்த்தி பத்தொன்பது வயதில் வயர்மேனாகச் சேர்ந்தார். இப்போது ஐம்பத்தைந்து, பராமரிப்பு முழுக்க அவர் பொறுப்பு. ஐந்து மாடி. கப்பல் ஏஜெண்டுகள், இன்சூரன்ஸ்காரர்கள், ஒரு வக்கீல் என்று எல்லாம் ஆபீஸ்கள். எழுபதுகளில் கட்டிய, பூச்சில்லாத கான்கிரீட் கட்டடம். கிழக்கிலும் மேற்கிலும் அடியிலிருந்து உச்சிவரை, காற்று வர ஓட்டை ஓட்டையாக வைத்த சிமெண்ட் ஜாலி. காற்றை நம்பிக் கட்டியது. பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு ஏசி மாட்டி, ஜாலியைக் கண்ணாடியாலும் பிளைவுட்டாலும் அடைத்துவிட்டார்கள்.

அதைத் திறக்கச் சொல்லி மந்திரமூர்த்தி கேட்காத ஆளில்லை. பழைய முதலாளியிடமே சொன்னார். அவர் தலையை ஆட்டிவிட்டு, பம்பு மோட்டார் சரியாகிவிட்டதா என்று கேட்டார்.

போன வருஷம் ஜெப்ஸி வந்தாள். மணப்பாட்டுப் பெண், வயது இருபத்தொன்பது. பெரிய கட்டடங்களின் மின்செலவைக் குறைத்துக் கொடுக்கும் சென்னைக் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். அரை நாள் சுற்றிப் பார்த்துவிட்டு, இப்போதைய முதலாளி ஸுஹைபிடம் சொன்னாள்: “இந்த ஜாலியைத் திறந்தாலே பாதி வேலை முடிஞ்சிரும் சார்.”

“மாஷா அல்லாஹ்! இதை ஏன் இத்தனை நாளா யாருமே சொல்லலை?” என்றார் ஸுஹைப்.

சாவிக்கொத்தோடு பின்னால்தான் நின்றிருந்தார் மந்திரமூர்த்தி.

அதன்பிறகு அவள் செய்வதெல்லாம் அவருக்குக் குத்தியது. வாசல் டீக்கடைப் பொன்னுதுரை இரண்டாம் நாளே அவளுக்குக் கேட்காமல் சீனி இல்லாத டீ போட்டான். முப்பது வருஷமாக அங்கே குடிக்கிற இவர் இன்றைக்கும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வீட்டில் மனைவி பகவதி, “அவ படிச்ச புள்ள, உங்களுக்கு என்ன வந்துச்சு?” என்றதும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஜெப்ஸி ஒவ்வொரு மாடியிலும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வைத்தாள். இரண்டு வாரம் சூட்டை அளக்க வேண்டும். புதன்கிழமை காலையில் மந்திரமூர்த்தி மூன்றாம் மாடிக் கருவியை எடுத்து, வக்கீல் ஆபீஸ் ஏசி வெளியே அனல் கக்கும் இடத்தில் செருகிவிட்டார்.

கணக்குக் காட்டும் நாளில் மூன்றாம் மாடிக்கு நாற்பத்தேழு டிகிரி வந்தது.

“அங்கன மனுஷன் வெந்துருவானே!” என்றார் ஸுஹைப்.

ஜெப்ஸியின் முகம் சிவந்தது. “கருவி வச்சதுல என் தப்பு சார். இன்னும் ரெண்டு வாரம் அளந்து தாரேன்.”

ஸுஹைப் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனார். அன்று மதியம் மந்திரமூர்த்தி இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

சாயங்காலம் அவள் பம்பு ரூமுக்கு வந்தாள்.

“அண்ணாச்சி, மூணாம் மாடிக் கருவியை இப்பத்தான் வக்கீல் ஏசி பின்னால பாத்தேன். அந்தப் பக்கத்துக் கதவுச் சாவி உங்ககிட்ட மட்டும்தான இருக்கு? புதன்கிழமை எட்டு பத்துக்குச் சூடு ஏறியிருக்கு. கருவியில நிமிஷம்கூடப் பதிவாகும்.”

மந்திரமூர்த்தி வெடித்தார். “ஆமா, நான்தான் மாத்துனேன். என்ன ஏளா செய்வ? நான் தொண்டை கிழிய சொன்னேன், ஒருத்தன் கேக்கலை. நீ நேத்து வந்து சொல்லுத, மாஷா அல்லாஹ்ங்காரு!” அதுவரை இருந்த ‘மேடம்’ போய் ‘ஏளா’ வந்துவிட்டது.

“சொன்னேங்கிய, சரி. எவ்வளவு மிச்சமாகும்னு எழுதிக் குடுத்தியளா?”

அவர் சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகினார்.

“வாயால சொன்னா சென்னையில நான் சொல்லுததையும் கேக்க மாட்டாங்க. அதுக்குத்தான் அளக்கேன்.”

“முதலாளிகிட்ட என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாமே?”

“உங்க வேலை போயிரும். அதுக்கா நான் வந்தேன்?”

அதுவும் அவரைச் சுட்டது. திட்டுவதற்குக்கூட ஒரு காரணத்தை மிச்சம் வைக்க மாட்டேன் என்கிறாளே! அவள் கதவுப் பக்கம் திரும்பியபோது, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மேற்கு ஜாலியை முழுசாத் திறந்திராதிய. ஆடியில மேக்கேருந்து கச்சான் காத்து அடிச்சா, தெரு மண்ணு பூராவும் ஃபைல்லதான் கிடக்கும்.”

அவள் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.

எட்டு மாதத்தில் வேலை முடிந்தது. கிழக்கு ஜாலி முழுக்கத் திறந்தது. மேற்கில் மட்டும் திறந்து மூடுகிற அலுமினியத் தகடுகள். மொட்டைமாடிக்கு வெள்ளைப் பெயிண்ட். கரண்டு பில் மூன்றில் ஒரு பங்கு இறங்கியது. அதற்கு வைத்த விழாவில் ஸுஹைப் ஜெப்ஸிக்குச் சால்வை போட்டார். அவள் மைக்கைப் பிடித்து, “மேற்குப் பக்கத்து யோசனை அண்ணாச்சியோடது” என்று மந்திரமூர்த்தியை மேடைக்குக் கூப்பிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்குப் போட்டது சரிகைச் சால்வை. இவருக்கு அவசரத்தில் கிடைத்த டர்க்கி டவல். அதை அவர் கவனிக்காமல் இல்லை.

இப்போது திருநெல்வேலியிலிருந்தெல்லாம் கட்டடத்தைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். மந்திரமூர்த்திதான் மாடி மாடியாகக் கூட்டிப்போய்க் காட்டுகிறார். யார் செய்தது என்று கேட்டால், “நானும் மணப்பாட்டுப் பொண்ணு ஒருத்தியும்” என்கிறார். இரண்டு படி ஏறிய பிறகு, “முதல்ல சொன்னது நான்” என்று சேர்த்துக்கொள்கிறார்.