நல்லா இருக்கோம் என்று சொன்ன நாள்

என்னிடம் அப்போது ஒரே ஒரு முழுக்கைச் சட்டைதான் இருந்தது. வலது கையின் கட்டு வெளியே தெரியாமல் மணிக்கட்டு வரை பொத்தான் போட்டு, ஒரு நாள் காலை கிள்ளானில் எங்கள் டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு அதைப் போட்டுக்கொண்டு போனேன்.

நான் ஓரிடத்தில் நிலைத்தவன் இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பு நின்றது. சுங்கை பூலோவில் பலகை அறுத்தேன், பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவினேன், லோரியில் ஏறி ஊர் சுற்றினேன். தொண்ணூறுகளில் மேருவில் ஒரு ரப்பர் கையுறை ஃபேக்டரியில் வந்து விழுந்தேன். பீங்கான் கை அச்சுகளை அமிலத் தொட்டியில் கழுவும் வேலை. கையுறை செய்கிற இடத்தில் எங்களுக்குக் கொடுத்த கையுறை கிழிசல். கை வெந்துபோனது.

டாக்டரம்மா ஃபேக்டரியின் பேனல் டாக்டர். அவரிடம் போனால் செலவு முதலாளியுடையது. இந்தக் கையோடு தொட்டிப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லி எனக்கு எம்சி எழுதினார், அதாவது மருத்துவ விடுப்பு. காயம் ஆறாவிட்டால் மறுபடியும் எழுதினார். மேனேஜர் ஃபோனில் கத்தினால் அவரும் திருப்பிக் கத்துவார்.

அந்தச் சமயத்தில்தான் பேனல் கிளினிக்குகளுக்குத் தரச் சான்றிதழ் என்று கொண்டுவந்தார்கள். ஃபேக்டரிகளின் மருத்துவச் செலவைக் கவனிக்கும் கம்பெனி ஆளை அனுப்பிச் சோதிக்கும். தேறாத கிளினிக்குக்கு முதலாளி செலவில் நாங்கள் போக முடியாது. நோயாளிகளிடமும் கேட்பார்கள், கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்தவர் என்னோடு தொட்டியில் வேலை செய்த, இடுப்பு பிடித்துப்போன அண்ணன் ஒருவர்.

"டாக்டர் கெட்டிக்காரின்னு எப்படிடா தெரியும்? நாம நல்லா இருந்தாத்தானே? வலிக்குதுன்னு சொன்னா, அப்ப அவங்க என்னத்த வைத்தியம் பாத்தாங்கன்னு கேப்பான்லா."

எங்களுக்கு அது நியாயமாகவே பட்டது. குளித்து, பவுடர் போட்டு, வரிசையாக உட்கார்ந்தோம். மருந்து எடுத்துக் கொடுக்கும் அக்கா, பெண் பார்க்க வந்த கூட்டம் மாதிரி இருக்கிறது என்று சிரித்தார். கோலாலம்பூரிலிருந்து சோதிக்க வந்தவர் டை கட்டிய ஒரு தமிழர், நம் ஆள்தான். தரை, கழிப்பறை, மருந்து அலமாரி எல்லாம் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு எங்களிடம் வந்தார். அண்ணன் எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றே காட்டினார். அடுத்தது நான்.

"டாக்டர் புண்ணியத்துல நல்லா இருக்கேன் சார். ஒண்ணுமே இல்ல."

நல்லா இருக்கிற ஆட்களுக்கு எதற்கு இத்தனை எம்சி என்று அவர் உள்ளே போய்க் கேட்டது எங்கள் காதிலும் விழுந்தது. டாக்டரம்மா வேகமாக வெளியே வந்தார். என் பொத்தானைக் கழற்றிக் கையை டை கட்டியவரின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கட்டு மஞ்சளாக ஊறியிருந்தது. அவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"பேஷண்ட் சொன்னதத்தான் நான் எழுத முடியும் டாக்டர்."

வெந்த கை கண் முன்னால் இருக்கும்போது வாயில் வந்ததை மட்டும் எழுதிக்கொண்டு போகிறவனுக்குத் தரம் பார்க்கிற வேலை. வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் மட்டும்? வைத்தியம் சரியில்லை என்று எழுதியிருப்பார்கள். அவர்களுக்குத் தரை பளபளக்க வேண்டும், எம்சி குறைய வேண்டும். இன்று கிள்ளானில் நான் நுழைகிற கிளினிக்குகளின் சுவரில் கண்ணாடி போட்ட சான்றிதழ் தொங்குகிறது. நான் அதைப் படிப்பதில்லை.

டாக்டரம்மாவைப் பேனலிலிருந்து எடுத்துவிட்டார்கள். சான்றிதழ் வாங்கிய இன்னொரு கிளினிக்கில், கட்டைப் பிரித்துப் பார்க்காமலே, லேசான வேலை செய்யலாம் என்று எழுதித் தந்தார்கள். ஃபேக்டரியில் லேசான வேலை என்றால் அதே தொட்டிதான். சில நாளில் கட்டு நாறத் தொடங்கியது. டாக்டரம்மாவிடமே போனேன். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. ஃபோனை எடுத்து அந்த டை கட்டியவரைப் பிடித்து, ரிசீவரை என் காதில் வைத்தார்.

"இப்ப சொல்லு. எங்கெல்லாம் வலிக்குதுன்னு அவர்கிட்ட சொல்லு."

சொன்னேன். விரல் மடங்காததை, சோறு பிசைய முடியாததை, தோள் வரை குத்துவதை, ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"அந்த கிளினிக் ஃபைல குளோஸ் பண்ணியாச்சுலா, பாஸ்," என்றார் என்னிடம்.

டாக்டரம்மா ரிசீவரை வாங்கி வைத்துவிட்டுக் கட்டை வெட்டத் தொடங்கினார்.