உறங்கும் சிப் குடிக்கும் மின்சாரம்

பொன்முடித் தேயிலைச் சரிவில் மழையளவு பார்க்க எங்கள் சிறு நிறுவனம் ஒரு கருவி வைத்திருந்தது. உள்ளே ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப். பெரும்பாலும் அது உறங்கும். அவ்வப்போது விழித்து, பெய்த மழையின் அளவை அனுப்பிவிட்டு மறுபடி உறங்கிவிடும். அதனால் ஒரே பேட்டரி வருஷக்கணக்கில் வரும் என்று எஸ்டேட்டில் சொல்லியிருந்தோம். முதல் மழைக்காலத்தையே அது தாண்டவில்லை. பேட்டரி மாற்றவென்று கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறிப் போய்வந்தே எனக்கு அலுத்துவிட்டது.

கருவியைக் கழற்றித் திருவனந்தபுரம் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, பேட்டரிக்கும் சர்க்யூட்டுக்கும் நடுவே மல்டிமீட்டரை இணைத்தேன். மில்லி ஆம்பியரில் பூஜ்யம் காட்டியது. மீட்டரை இன்னும் நுண்ணிய மைக்ரோ ஆம்பியர் அளவுக்கு மாற்றினால், சிப் விழிக்கப் பார்க்கும்போதெல்லாம் நின்று, முதலிலிருந்து தொடங்கியது. சிப் கெட்டுவிட்டது என்றேன்.

பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்தாள். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவள். சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் நாஞ்சில் நாட்டுக் குடும்பத்துப் பெண்.

"சிப்பு மேல பழி போடாத. மீட்டரே வோல்ட்டேஜத் தின்னுதுல்லா. முழிக்கச்சில அதுக்குப் பத்தாம போவுது" என்றாள்.

சிப் உறக்கத்திலேயே இருக்கும்படி புரோகிராமை மாற்றினாள். பேட்டரியின் இடத்தில், கொஞ்சம் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் ஒரு கெப்பாசிட்டரை ஏற்றி வைத்தாள். அதன் வோல்ட்டேஜ் இறங்கும் வேகத்திலிருந்து சிப் குடிப்பதைக் கணக்கிட்டுவிடலாம். அதற்கும் முன்னால் கெப்பாசிட்டரை எதனோடும் இணைக்காமல் தனியே விட்டு, அது தானாக இழப்பது எவ்வளவு என்று பார்த்துக் கழித்துக்கொண்டாள். மீட்டர் தொட்டாலும் துளி போகும் என்பதால், வைத்த கணத்தில் எடுத்துவிடுவாள். அளக்கப்படும் பொருளைத் தொந்தரவு செய்யாமல் அளக்கும் அந்தப் பக்குவத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடை வந்தது. சிப்பைத் தயாரித்தவர்கள் சொன்ன அதே சில மைக்ரோ ஆம்பியர்தான். அப்படியானால் பேட்டரி ஏன் தீர்ந்தது என்று எனக்குப் புரியவில்லை. அவள் சிப் இருந்த சர்க்யூட் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இங்க ஏசி ரூமு. அங்க மலையில மஞ்சு எறங்கி எல்லாம் ஈரமாவும்லா" என்று சொல்லி, அதை ஈரத்துணியோடு ஒரு டப்பாவில் மூடிவைத்தாள்.

மதியச் சாப்பாடு முடிந்து வந்து அளந்தபோது, கெப்பாசிட்டர் மளமளவென்று காலியானது. ஈயம் பற்றவைக்கப் பயன்படும் பசை பேட்டரி முனைகளுக்கிடையே லேசாகப் படிந்திருந்தது. ஈரம் பட்டதும் மின்சாரம் அதன் வழியே கசிந்திருக்கிறது.

ஸ்பிரிட்டும் பல் துலக்கும் பிரஷும் கொண்டு இருவரும் தேய்த்துக் கழுவினோம். காயவைத்து, ஈரம் புகாத பூச்சு அடித்தோம். மறுபடி ஈர டப்பாவில் வைத்து அளந்தோம், கசிவு இல்லை. அப்போதும் அவள் விடவில்லை. சனி, ஞாயிறு முழுக்க டப்பாவிலேயே கிடக்கட்டும் என்றாள். திங்கட்கிழமையும் அளவு மாறவில்லை. அதன் பிறகே பழைய புரோகிராமை ஏற்றிக்கொண்டு கருவி மலையேறியது.

அடுத்த மழைக்காலத்தில் எஸ்டேட் சூப்பர்வைசர் போன் செய்து, பேட்டரி மாற்ற ஏன் யாரும் வரவில்லை என்று கேட்டார். பதில் சொல்லத் தகுதியானவள் பக்கத்து மேஜையில் இருந்தாள். போனை அவளிடம் கொடுத்தேன்.