எட்டு போல்ட்

என்னோடு படித்தவர்கள் மாதாப்பூர் ஐ.டி. கம்பெனிகளில் ஏசி அறையில் உட்கார்ந்து சம்பாதித்துக்கொண்டிருந்த காலத்தில், நான் செகந்திராபாத் பக்கம் ஜீடிமெட்லாவில் மருந்துத் தொழிற்சாலைகளுக்கு மின்சாரப் பேனல் நிறுத்திக்கொண்டிருந்தேன். அந்த எரிச்சல் எனக்கு எப்போதும் உண்டு. வாயும் கொஞ்சம் நீளம்.

பேனல் என்றால் ஆளுயரத்துக்கும் மேலான இரும்பு பீரோ. உள்ளே இழுப்பறை போல வெளியே வரும் கனமான பிரேக்கர்கள். தரையில் துளை போட்டு, ஆங்கர் போல்ட்டால் இறுக்கிய பிறகுதான் அவற்றைத் தொடவேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல.

அன்று வெள்ளிக்கிழமை, பேனலுக்குப் பூஜை. முந்தின நாள் வர வேண்டிய லாரி காலையில்தான் வந்தது. இறக்கி, இடத்தில் நிறுத்தும்போது மணி பத்து. பத்தரைக்கு ராகு காலம். தொழிற்சாலை முதலாளி குடும்பத்தோடு வந்து நிற்கிறார். தரையைக் கழுவிக் கோலமும் போட்டாயிற்று. அப்போது போய் டிரில் போட்டால் சிமெண்ட் தூசி பறக்கும்.

"பூஜை முடிஞ்சதும் போல்ட் போட்டுக்கலாம்" என்றேன்.

எங்கள் ஃபிட்டர் செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் கத்தோலிக்கத் தமிழர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"நக்கோ சார், வேணாம். எட்டு போல்ட்தான். அரை மணி நேரம் குடுங்க, அப்புறம் பூஜை பண்ணட்டும்."

"உங்களுக்கென்னண்ணே, சர்ச்சுல ராகு காலமா எமகண்டமா? எங்களுக்கு இருக்குல்ல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இன்னொரு முறை சொன்னால், கிறிஸ்தவன் பூஜையைத் தடுக்கிறான் என்று பேச்சு வரும். அவர் டிரில்லை ஓரமாக வைத்துவிட்டார்.

ஒவ்வொரு பிரேக்கராக இழுத்து, பொட்டு வைத்து, உள்ளே தள்ளியிருக்கலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆரத்தி காட்ட வேண்டும் என்றார் முதலாளியின் மனைவி. "இழுங்கண்ணே" என்றேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு இழுத்தார். பீரோவின் இழுப்பறைகளை ஒரே நேரத்தில் திறந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. நாலாவது பிரேக்கர் வெளியே வந்ததும் பேனல் முன்னால் சாய்ந்தது. தனக்குப் பின்னால் தட்டோடு நின்ற முதலாளியம்மாவை விலகச் சொல்லிக் கத்தியபடி அவர் தோளைக் கொடுத்தார். அந்த எடையைத் தோள் தாங்குமா? ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

போல்ட் இறுக்காததைக் கவனிக்காமல் ஃபிட்டர் பிரேக்கர்களை இழுத்துவிட்டார் என்று எங்கள் கம்பெனி அறிக்கை எழுதியது. கீழே கையெழுத்துப் போட்டது நான். வேலை போய்விடுமோ என்ற பயம்தான், அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வீட்டுல ஒரு ஃபேன் மாட்டினாக்கூட மூணு தடவை ஆட்டிப் பார்ப்பாரு சார். போல்ட் போடாதது அவருக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

அண்ணன் சொன்னார், நான்தான் கேட்கவில்லை, கேலி பண்ணினேன். இதைச் சொல்ல ஒரு நிமிடம் கூட ஆகாது.

"மனுஷன்தானே அண்ணி. அன்னைக்கு மறந்துட்டாரு."

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவர் மறந்ததால உங்களுக்கும் எவ்வளவு கஷ்டம். மனசுல வெச்சுக்காதீங்க சார்."

"இல்ல அண்ணி, வெச்சுக்கல" என்று சொல்லிவிட்டு வந்தேன்.