கோப்பைக்காகக் குடிபெயர்ந்தவன்

சவாரி வரும்வரை ரோமெல், பைக்கோடு பக்கப்பெட்டி பொருத்திய தன் டிரைசைக்கிளைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே இருப்பான். டயரை உதைப்பான், கண்ணாடியைத் துடைப்பான், துடைத்த கண்ணாடியிலேயே முடியைக் கோதிக்கொள்வான். ஸ்டாண்டுக்கு எதிரில் என் கஞ்சிக்கடை. இஞ்சிக் கஞ்சி வாங்கினால் பாதியைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தை வைத்துவிட்டு எங்கோ போய்விடுவான். எல்லாம் ஆறிய பிறகு வந்து, "என்னக்கா, கஞ்சில சூடே இல்ல?" என்று என்னையே கேட்பான்.

கையில் எது கிடைத்தாலும் எதற்குள்ளாவது எறிந்தாக வேண்டும் அவனுக்கு. பிழிந்த கலமான்சி எலுமிச்சைத் தோலை, சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களின் தலைக்கு மேலாக என் குப்பை வாளிக்கு அனுப்புவான். வெளியே விழுந்து நான் பார்த்ததில்லை. திட்டினால், "பயிற்சிக்கா" என்பான்.

எங்கள் சான் ரோகே பேட்டையின் கூடைப்பந்து அணிக்கு அவன்தான் உயிர். அணித்தலைவன் ஹெர்மி, ரோமெலின் மனைவி மரிவிக்கின் அண்ணன், சந்தையில் திலாப்பியா மீன் விற்கிறவன். ஒவ்வொரு திருவிழாப் போட்டியிலும் ரோமெல் தனியாளாக அடித்துக் குவிப்பான், அணி தோற்றுவிடும். கோப்பை நடுவூர்ப் பேட்டைக்குப் போகும். அந்த அணியை வளர்ப்பவர் அரிசி ஆலை முதலாளி செல்சோ. ஜெயித்தவர்கள் மறுநாள் லாரியில் கோப்பையோடு ஊரின் எல்லாத் தெருக்களையும் சுற்றி வருவார்கள். தோற்ற பேட்டைக்காரர்கள் வாசலில் நின்று கைதட்டியாக வேண்டும், அதுதான் மரியாதை. எங்கள் தெருவுக்குள் லாரி நுழையும்போது மட்டும் ரோமெல் டிரைசைக்கிளுக்கு அடியில் புகுந்து எதையோ திருகிக்கொண்டிருப்பான்.

"ஒரே ஒரு தடவக்கா," என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். "அந்தக் கோப்பையத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நம்ம தெரு வழியா வரணும். அப்புறம் முட்டி போனாலும் சரி."

முட்டி ஏற்கெனவே பாதி போயிருந்தது. ஆட்டம் முடிந்த மறுநாள் அவன் கிக்கரை உதைக்கும்போது முகம் கோணுவதை ஸ்டாண்டே பார்க்கும்.

இந்த வருடத் திருவிழாவுக்கு முன்னால் செல்சோ முதலாளி ரோமெலிடம் ஆள் அனுப்பினார். எந்தப் பேட்டையில் படுத்துத் தூங்குகிறானோ அந்தப் பேட்டைக்குத்தான் ஒருவன் ஆடலாம் என்பது எங்கள் போட்டியின் விதி. முதலாளி விதியை மீறுகிறவர் இல்லை. தன் அரிசிக் கிடங்கில் கட்டில்கள் போட்டு வைத்திருக்கிறார். மற்ற பேட்டைகளின் நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகத் தலையணையும் பல்துலக்கியுமாக அங்கே குடிபெயர்ந்துவிடுவார்கள். போட்டிக்குழுக்காரர் ஒருவர் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு மேல் வந்து, கட்டிலில் ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். இது ஊருக்கே தெரியும். யாரும் சிரிப்பதுகூட இல்லை.

ரோமெல் தன் தலையணையைத் தன் டிரைசைக்கிளிலேயே ஏற்றினான், அதுவும் பட்டப்பகலில்.

"எங்க மாப்ளே, தலகாணியோட? பொண்டாட்டி தொரத்திட்டாளா?" என்று ஸ்டாண்டில் ஒருவன் கேட்டான்.

ஹெர்மி மீன் செதில் ஒட்டிய கையோடு ஓடிவந்தான். "நெசமாத்தான் போறியா?"

"ஒரு வருஷம் மச்சான். ஒரே வருஷம்."

"ஏற்கெனவே ஜெயிக்கிறவனோட சேந்து ஜெயிக்கிறதுல என்னடா இருக்கு?"

"தோத்துக்கிட்டே இருக்கிறதுல மட்டும் என்ன மச்சான் இருக்கு?"

ஹெர்மி கையைத் துடைத்துக்கொண்டு சந்தைக்குத் திரும்பினான். எனக்குக் கோபம் வந்தது, அதை நான் மறைக்கவும் இல்லை. அன்றிலிருந்து அவன் கஞ்சியில் முட்டை போடுவதை நிறுத்திவிட்டேன்.

போன இடத்திலும் அவனுக்கு இருப்பு கொள்ளவில்லை. கிடங்கில் சாப்பிட்டதும் மரிவிக்கைப் பார்க்க இங்கே பறந்து வருவான். குழுக்காரர் வந்துவிடுவாரோ என்று வந்த வேகத்தில் திரும்புவான். "மூட்ட பூரா எலி ஓடுதுக்கா. கண்ண மூட முடியல," என்றான் ஒரு காலையில்.

"இங்க வந்து படுக்க வேண்டியதுதானே?"

"இங்க மரிவிக் வாயத் தொறக்க மாட்டேங்கறா. அதுக்கு எலியே மேல்."

ஆட்டமும் சரிவரக் கிடைக்கவில்லை. எங்களிடம் இருந்தது ஒரு ரோமெல். அங்கே பெஞ்சு நிறைய ரோமெல்கள். அந்தப் பெஞ்சுக்குப் பின்னால் அவன் நடந்துகொண்டே இருப்பான். பயிற்சியாளர் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்வான்.

அரையிறுதியில் நடுவூருக்கு எதிராக நாங்கள். இரண்டாம் பாதியில்தான் அவனை இறக்கினார்கள். "துரோகி!" என்று முதலில் கத்தியது நான்தான். பந்து அவன் கைக்கு வந்ததும் எங்கள் பையன்கள் சூழ்ந்துகொண்டார்கள். அப்போது வலது மூலையிலிருந்து ஹெர்மி, "ரோமெல், இங்க!" என்று கத்தினான். வாய்ப்பழக்கம்தான் என்று இன்றைக்கும் மாதா மேல் ஆணையிடுகிறான். ரோமெல் ஏறிட்டும் பார்க்கவில்லை. குரல் வந்த பக்கம் பந்தை விட்டான். அது நேராக ஹெர்மியின் நெஞ்சுக்கு வந்தது. எதிரணிக்காரன் தந்த பந்தை வைத்துக்கொண்டு ஹெர்மி ஒரு கணம் திகைத்து நின்றான். பிறகு ஓடிப்போய்க் கூடையில் போட்டான்.

எங்கள் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நடுவூர்ப் பக்கத்திலிருந்து, "எவ்வளவுடா வாங்கினே?" என்று செருப்பு பறந்து வந்தது. பயிற்சியாளர் அவனை வெளியே இழுத்துவிட்டார். அந்த ஒரு கூடையால் நாங்கள் ஜெயித்துவிடவில்லை. வழக்கம்போலப் பெரிதாகவே தோற்றோம்.

"இந்த வருஷம் நம்ம டீமுக்கு நீ போட்ட ஒரே நல்ல பாஸ் மாப்ளே," என்று மறுநாள் ஸ்டாண்டில் ஓட்டினார்கள்.

"கை அதுபாட்டுக்குப் போட்டுருச்சு," என்றான் ரோமெல். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. கஞ்சியில் முட்டை போட்டுக் கொடுத்தேன். முட்டையை மட்டும் தின்றுவிட்டு எழுந்து போனான்.

இறுதியாட்டத்தில் அவனை இறக்கவே இல்லை. நடுவூர் ஜெயித்தது. மறுநாள் பிற்பகல் லாரி கிளம்பியது. எங்கள் தெரு முனையில் திரும்பியதும் மேலே இருந்தவர்கள் கோப்பையை ரோமெல் கையில் திணித்தார்கள். "உன் தெருடா, நீயே புடி!" அன்பாகச் சொன்னார்களா, குத்திச் சொன்னார்களா, கடவுளுக்குத்தான் தெரியும்.

தெருவே வாசலில் நின்றது. மரிவிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் கைதட்டியது ஹெர்மி; முகம் கோணாமல், முறையாகத் தட்டினான். பிறகு எல்லோரும் தட்டினார்கள். நான் கடைப் பெஞ்சின்மேல் ஏறி நின்று, "தூக்குடா! அதுக்குத்தானே போனே, தூக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கேலியாகக் கத்தினேனா, ஆசையில் கத்தினேனா, எனக்கே தெரியவில்லை.

ரோமெல் எங்களைப் பார்த்தான். கோப்பையை லாரியின் பக்கப்பலகைக்குக் கீழே, தன் கால்களுக்கு நடுவில் இறக்கினான். போட்டிருந்த நடுவூர் அணியின் சிவப்புப் பனியனைத் தலைவழியாகக் கழற்றி அதன்மேல் போட்டு மூடினான்.