ஒரு சட்டைக்குள் அடைத்த சாவு

முகம் சிதைந்த ஒரு பிணத்தின் சட்டையைக் காட்டி, “இதுதான் உங்கள் தம்பி” என்றால், நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா?

எங்கள் தெருவில் துணி தைக்கும் அக்காவிடம் போலீஸ் அதைத்தான் கேட்டது. அவளுடைய தம்பிக்கு மனநோய். மருந்தை நிறுத்திவிட்டு வீட்டைவிட்டுப் போனவன் திரும்பவில்லை. இப்போது ஆற்றோரம் ஓர் உடல் ஒதுங்கியிருந்தது.

பிணவறை வாசலில், பிளாஸ்டிக் பைக்குள் அந்த நீலச் சட்டை. அக்கா பையைத் திருப்பி, காலர் தையலைப் பார்த்தாள்.

“நீங்க தச்சதுதானே?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“நான் தச்சதுதான் சார். ஆனா அவன் எந்தச் சட்டையையும் வெச்சுக்க மாட்டான். பட்டன் வழியா யாரோ ஒட்டுக்கேக்கறாங்கன்னு பயந்து, வழியில போறவங்ககிட்ட மாத்திக்குவான். ஒரு தடவை தபால்காரர் சட்டையில வந்து நின்னான். தெருவே லெட்டர் கேட்டுச்சு.”

“பைத்தியக்காரன் கதை எதுக்கும்மா? கையெழுத்தப் போட்டுட்டுக் கிளம்புங்க.”

கூட வந்திருந்த அக்காவின் கணவர் அவள் காதோரம் சொன்னார்: “போட்டுடேன். இன்னும் எத்தனை நாளைக்கு வாசலையே பாத்துட்டு உக்காந்திருப்ப?”

கையெழுத்து விழுந்தால் தேடுவது நின்றுவிடும். தெரிந்தும் பேனாவை வாங்கினாள். ‘அவனாவே இருந்துட்டா தேவலை, இனிமே பயப்பட வேண்டாம்’ என்று ஒரு கணம் தோன்றியதாம். பிணத்தைவிட அந்த நினைப்புதான் அவளை நடுங்க வைத்தது. பேனாவை மேசைமேல் வைத்துவிட்டாள்.

“என் ரத்தத்த எடுத்து அந்த உடம்போட டி.என்.ஏ. ஒத்துப் பாருங்க சார்.”

“மாசக்கணக்காகும்மா.”

“ஆகட்டும். அதுவரைக்கும் தேடுங்க.”

ரத்தம் எடுத்தார்கள். தேடத்தான் இல்லை. காணாமல் போனவர் ஒரு தொழிலதிபராக இருந்தால் விசாரணை ஒரு சட்டையோடு முடிந்திருக்குமா? மனநோய் என்றதும் அறிவியலைக்கூட நாமே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அந்த உடல் வேறொருவருடையது என்றால், அவரைத் தேடுவது யார்?

பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. போன் அடித்தால் அக்கா தையல் மெஷினை நிறுத்திவிடுகிறாள். எடுக்கப் பயம், எடுக்காமலிருக்கவும் பயம்.

உயரமாக, மெலிந்து, இடது புருவத்தில் தழும்போடு ஒருவனை உங்கள் ஊரில் பார்த்தால் பின்னாலிருந்து தொடாதீர்கள், மிரண்டு ஓடுவான். எதிரே வந்து நில்லுங்கள். “அக்கா தேடறா” என்று சொல்லுங்கள். அவன் பதில் பேசாவிட்டாலும் விட்டுப் போகாமல், அங்கிருந்தே போலீசுக்கு போன் செய்யுங்கள். அவர்கள் வரும்வரை அவன் பக்கத்திலேயே இருங்கள்.