சத்தமில்லாத கடல்

ராஜபாளையத்து நூல் மில்லில் வேலை பார்த்து என் வீட்டுக்காரருக்குக் காது மந்தமாகிவிட்டது. டாக்டரிடம் வரமாட்டேன் என்றார். கடல் சத்தம் ஊருக்கே கேட்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அது கேட்டால் பயமில்லை, கேட்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போவது என்று பேசி முடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடிக்கு பஸ் ஏறினோம். இரண்டு பேருமே அதுவரை கடலைப் பார்த்ததில்லை.

மக்ரூன் வாங்கினோம். வாயில் வைத்ததும் கரைந்தது. மாதா கோயிலைப் பார்த்தோம். தூரத்தில் கப்பல்கள் நின்றன. அவர் எதிலும் மனம் வைக்கவில்லை. கடற்கரையில் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணும் கேக்கலட்டி."

முகம் செத்துப்போயிருந்தது.

எனக்கும்தான் ஒன்றும் கேட்கவில்லை. நம்ம ஊர்க் கண்மாய் மாதிரித் தண்ணீர் சும்மா கிடந்தது. பக்கத்தில் கருவாடு விற்றவளிடம் கேட்டேன்.

"எந்த ஊரு அக்கா நீங்க? இங்க எங்க அலை அடிக்கு? இது சாதுக் கடலு. சத்தம் வேணும்னா திருச்செந்தூருக்குப் போங்க" என்று சிரித்தாள்.

அதை அவர் காதருகே கத்திச் சொன்னேன். இரண்டாம் தடவைதான் விளங்கியது. அன்றைக்கு அப்போதுதான் சிரித்தார்.

"அப்ப கடல்லதான் சத்தமில்ல!"

"திருச்செந்தூருக்கும் போயிருவமா?" என்று மறுபடி கத்தினேன்.

"வேண்டாம். பசிக்குது."

பொரித்த பரோட்டா சாப்பிட்டோம். அவர் இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றார். திருச்செந்தூர்ப் பேச்சை நான் மறுபடி எடுக்கவில்லை.