நூதனசாலைத் திறப்பு

இங்கே கனடாவில், டோர்செட் பார்க்கில் இருந்து பஸ்ஸும் சப்வேயும் மாறி டவுன்டவுனுக்குப் போய், பழம்பொருட்களை ஏலம் விடும் ஓர் இடத்தைக் கூட்டித் துடைப்பது என் வேலை. பெரிய மனிதர்கள் செத்தால், பிள்ளைகள் அவர்களுடைய அலுமாரிகளைக் காலி செய்து அங்கே கொண்டுவந்து கொட்டுவார்கள். போன மாசியில் அப்படி வந்த ஒரு பெட்டிக்குள் எங்கள் அம்மன் இருந்தாள்.

ஊரில் இருந்த சின்ன நூதனசாலையில் நான் கிளார்க், அப்பா காவலாளி. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் நின்ற வெண்கல அம்மன் அவள். அப்பா வெள்ளிக்கிழமை தோறும் பெட்டியைத் திறந்து அவளுக்குக் குங்குமம் வைப்பார். காட்சிக்கு வைத்த சாமானுக்குப் பொட்டு வைக்கக்கூடாது என்று எத்தனையோ தரம் சண்டை பிடித்தேன். கேட்கவில்லை என்றதும் மேலிடத்துக்குப் புகார் எழுதினேன். பெற்ற மகளின் புகாருக்கு அவர் மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டு, அடுத்த வெள்ளி திரும்பவும் பொட்டு வைத்தார். வருடக்கணக்காக ஊறிய குங்குமம் அவள் நெற்றியில் செங்கறையாகப் பிடித்துவிட்டது. ஏலத்துக்கு வந்த பெட்டியைப் பிரித்தபோது நான் முதலில் கண்டது அந்தக் கறையைத்தான்.

ராணுவம் ஊரைப் பிடித்தபோது சனம் எல்லாம் வெளிக்கிட்டது. நானும் போனேன். அப்பா வரவில்லை. நூதனசாலை மண்டபக் கதவைப் பூட்டி, திறப்புக் கோர்வையை இடுப்பில் முடிந்துகொண்டு வாசலில் இருந்துவிட்டார். மாதங்கள் கழித்து நாங்கள் திரும்பியபோது மண்டபம் துடைத்துவிட்டது போலக் கிடந்தது. தேர்ச் சிற்பங்கள் இல்லை, ஓவியத் திரைகள் இல்லை, அம்மன் இல்லை. ஆனால் பூட்டு உடைபடவில்லை. அப்பாவும் உயிரோடு இருந்தார். ஊருக்கு அது போதுமாக இருந்தது. காட்டிக் கொடுத்தவன் என்றார்கள், பங்கு வாங்கியவன் என்றார்கள். அதன் பிறகு பக்கத்து வீட்டுச் செத்தவீட்டுக்குக்கூட அவருக்கு ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை.

நான் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

“கதவை நீங்களே திறந்துவிட்டனீங்கள்?”

“ஓம்,” என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று இப்போது என்னையே திட்டுகிறேன். அன்றோடு அவருடன் பேச்சை நிறுத்தினேன். கனடாவுக்கு வெளிக்கிட்ட அன்று, படலையில் நின்றவரைத் திரும்பிப் பார்க்காமல் வாகனத்தில் ஏறினேன். அவர் செத்த செய்தி வந்த நாள் வழமைபோல வேலைக்குப் போனேன்.

ஏலப் பட்டியல் எழுதும் பெண் இங்கே பிறந்த எங்கள் ஆள், அஜக்ஸில் இருந்து ரயிலில் வருகிறவள். மத்தியானம் என்னோடு இருந்துதான் சாப்பிடுவாள். அம்மன் வந்த மறுநாள் அவள் கையில் ஒரு கடிதம் இருந்தது. சிலையை எடுத்துப்போய், பிறகு இங்கே வந்து குடியேறிய ராணுவ அதிகாரி சாகுமுன் தன் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் எழுதி வைத்ததாம். பகிடியான கதை ஒன்று இருக்கிறது என்று வாசித்துக் காட்டினாள்.

பூட்டை உடைத்தால் மேலிடம் விசாரிக்கும் என்று திறப்பைக் கேட்டார்களாம். கிழட்டுக் காவல்காரன் இரண்டு நாள் அடித்தும் தரவில்லையாம். முன் அறைக் கோப்புகளைக் கிளறியபோது, அவன் மகளே அவனுக்கு எதிராக எழுதிய புகாரின் பிரதி ஒன்று அகப்பட்டதாம். உன் மகள் எங்கள் முகாமில் இருக்கிறாள் என்று அவள் கையெழுத்தைக் காட்டிச் சும்மா சொன்னார்களாம். உடனே கோர்வையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டானாம். பிறகு சாமான்களை ஏற்றி முடியும் வரை, மகளை விடச் சொல்லி லொறிக்கு முன்னால் நின்று கும்பிட்டானாம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

அந்தப் புகாரில் ‘என் தகப்பனாராயினும் கடமை தவறியவர்’ என்று எழுதியிருந்தேன். கையெழுத்து அழகாக வந்திருக்கிறது என்று பெருமையும் பட்டிருந்தேன். என்னை நானே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

கடிதத்தைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று மேலே சொல்லிவிட்டார்களாம்.

“நெத்தியில இருக்கிற கறையைத் துடைச்சுப் போடாதேங்கோ அன்ரி. உதாலதான் விலை கூடுமாம்,” என்றாள்.

தலையாட்டினேன். அவள் கடிதத்தை மடித்தாள்.

“பாவம், அந்த மகளுக்கு என்ன நடந்திருக்கும்?”

நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன்.

“அவளுக்கு ஒண்டும் நடக்கேல்லை, பிள்ளை.”